வியாழக்கிழமை பார்க்காத தகடு

போன மாதம் பர்ஸானா என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். நான் முப்பது வருடங்களுக்குக் கிட்ட வேலை செய்து ஓய்வு பெற்ற காப்புறுதிக் கம்பனியின் கண்டிக் கிளையில் இப்போது வாகன மதிப்பீட்டாளராக இருப்பவர் அவர். படத்தில் ஒரு வெள்ளைக் காரின் பின்பக்க மட்காட் உள்ளே போயிருந்தது. கீழே ஒரு வரி: "சேர், இது தட்டுறதா, மாத்துறதா? சிஸ்டம் தட்டச் சொல்லுது."

இப்போதெல்லாம் சின்ன விபத்துக்கு மதிப்பீட்டாளர் வாகனத்துக்குப் பக்கத்தில் போக வேண்டியதில்லை. சொந்தக்காரரே படம் பிடித்து அனுப்புகிறார். எந்தத் தகட்டைத் தட்டி நிமிர்த்தலாம், எதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடவேண்டும் என்று தேநீர் ஆறுவதற்குள் கணினி சொல்லிவிடுகிறது. இதைக் கேட்டு நான் முகம் சுளிப்பேன் என்று பர்ஸானா நினைத்திருக்கலாம். எனக்கு அப்படி ஒரு கோபமும் இல்லை. மழையில் நனைந்து, கராஜ் நாய்களுக்குப் பயந்து, வாகனத்துக்கு அடியில் முதுகால் ஊர்ந்து நான் எடுத்த முடிவுகளில் பாதியை அந்தக் கணினி என்னை விட ஒழுங்காகவே எடுக்கும். முக்கியமாக, அதற்கு யார் மீதும் இரக்கம் வராது. அது நல்லதா கெட்டதா என்பது எனக்கு இன்றுவரை தீராத கேள்வி.

என் பதில் சின்னது. "தட்டலாம். ஆனா பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரியிற நேரம் இன்னொரு படம் கேளுங்க. அது வராம பெயின்ட் அடிக்க விடாதீங்க." உடனே திருப்பிக் கேட்டார்: "ஒரு மட்காட்டுக்கு ஏன் சேர் இவ்வளவு கண்டிப்பு?" அது கைபேசியில் விரலால் தட்டி முடிக்கிற கதை இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் வத்தேகமப் பக்கத்து ஆள். உயர்தரப் பரீட்சையில் கணிதம் என்னைக் கைவிட்ட பிறகு கட்டுகஸ்தோட்டையில் ஒரு டிங்கர் கராஜில் சேர்ந்தேன். அடிபட்ட வாகனங்களின் உடலைத் தட்டி, இழுத்து, பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிற இடம். மூன்று வருடம் பகலில் சுத்தியல், மாலையில் தொழில்நுட்பப் படிப்பு. கை பல இடங்களில் கிழிந்தது, இடது காது கொஞ்சம் மந்தமானது, தகடு எப்படி நடந்துகொள்ளும் என்று ஓரளவு தெரிந்தது. அந்தத் தெரிதலை நம்பித்தான் காப்புறுதிக் கம்பனி என்னை உதவி மதிப்பீட்டாளராக எடுத்தது. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

கிளையின் பிரதான பொறியியலாளர் பரமநாதன் சேர். யாழ்ப்பாணத்தவர், பேராதனையில் படித்துவிட்டுக் கண்டியிலேயே தங்கிவிட்டவர். வாகனத்துக்கு அடியில் படுத்தாலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றமாட்டார். வெளியே வரும்போது சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. நாங்கள் எல்லோரும் கிறீஸ் பூசிக்கொண்டு நிற்போம். அது எப்படி என்று எங்களுக்குள் பந்தயம்கூட வைத்துப் பார்த்தோம், கண்டுபிடிக்க முடியவில்லை. சத்தம் போட்டுப் பேசியதில்லை. பாராட்டியதும் இல்லை. எங்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தன் வேலையைச் செய்வார், நாங்கள் பக்கத்தில் நிற்போம்.

அவருடைய முறை ஆட்களுக்குச் சிரிப்பை மூட்டும். அடிபட்ட வாகனத்தைக் காட்டினால் எல்லோரும் அடிபட்ட பக்கத்துக்கு ஓடுவோம். அவர் மறுபக்கம் போவார். ஐந்து ரூபாய் நாணயக் குற்றிகள் இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டி வைத்திருந்தார். அதை அடிபடாத கதவின் இடைவெளியில் மேலே ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கீழே ஒருமுறை நுழைத்துப் பார்ப்பார். இறுக்கமா, சரியா, தளர்வா என்று கொப்பியில் பென்சிலால் குறிப்பார். பிறகுதான் அடிபட்ட பக்கம். வாகனச் சொந்தக்காரர்கள் பொறுமை இழந்து, "சேர், அடிபட்டது இந்தப் பக்கம்" என்று கூப்பிடுவார்கள். நானும் ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அடிபட்ட பக்கம் எங்கையும் ஓடாது காணும்," என்றார். "நல்லா இருக்கிற இடத்தை முதல்ல பாரும். இந்த வாகனம் நேற்றைக்கு எப்பிடி இருந்தது எண்டு அதுதான் சொல்லும்."

அடுத்தது கை. இடது உள்ளங்கையைத் தகட்டின்மேல் வைத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக இழுப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும். கடைசியாக விரல் நுனியால் ஒரு விஷயத்தை மட்டும் தேடுவார், அதுதான் மடிப்பு. "வளைஞ்சது நிமிரும். மடிஞ்சது நிமிராது, நிமிர்ந்த மாதிரிக் காட்டும்" என்பதுதான் தகட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே விளக்கம். ஒரு கடதாசியை வளைத்து விட்டால் பழையபடி வந்துவிடும். மடித்து நகத்தால் அழுத்திவிட்டால் எவ்வளவு தடவினாலும் கோடு இருக்கும். தகடும் அப்படித்தான். மடிந்த இடத்தில் அதன் பலம் போய்விடும்.

புதியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கதவு, பொனட், முன் மட்காட் எல்லாம் போல்ட் போட்டுப் பொருத்தியவை. கழற்றி மாற்றலாம், அதில் பெரிய தலையிடி இல்லை. ஆனால் பின் மட்காட்டும், கதவுகளுக்கு இடையில் நிற்கும் தூணும், கதவுக்குக் கீழே ஓடும் சட்டமும் தொழிற்சாலையிலேயே உடலோடு வெல்டிங் செய்யப்பட்டவை. அவற்றை மாற்றுவதென்றால் நல்ல இரும்பையும் சேர்த்து வெட்ட வேண்டும். புதிது எப்போதும் நல்லது என்று நினைப்பவர்களுக்கு இது புரிவதில்லை.

ஒருமுறை அம்பிட்டியவிலிருந்து ஒரு சட்டத்தரணி வந்தார். காரின் பின் மட்காட்டில் ஒரு தேங்காய் அளவு குழி. மடிப்பு இல்லை. தட்டலாம் என்று பரமநாதன் சேர் எழுதினார். சட்டத்தரணிக்கு வந்ததே கோபம். "நான் முழுக் காப்புறுதி எடுத்தவன். எனக்குப் புதுசுதான் வேணும். நீங்கள் கம்பனிக்கு மிச்சம் பிடிக்கிறீங்கள்," என்று மேசையில் தட்டினார். சேர் வாதாடவில்லை. "வாங்கோ, ஒருக்கா நடந்திட்டு வருவம்" என்று அவரைப் பக்கத்துக் கராஜுக்குக் கூட்டிப்போனார். அங்கே அதே மாதிரி ஒரு காரின் பின் மட்காட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெட்டும் சக்கரம் கூரையோரத்தில் இறங்கி நெருப்புப் பொறி பறந்தது. கண்ணாடி கழற்றியிருந்தது, ஆசனம் வெளியே மழைச்சாரலில் கிடந்தது. சட்டத்தரணி பத்து நிமிடம் நின்று பார்த்தார். திரும்பி வரும் வழியில் தன் காரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "சரி, தட்டுங்கோ" என்றார். அன்று சேரின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனதை நான் பார்த்தேன் என்று சத்தியம் செய்வேன், நண்பர்கள் நம்பவில்லை.

இப்படிப் பல வருடங்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் எனக்குத் தனியாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம் வந்தது. அது வந்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. நானும் இரண்டு குற்றிகளை ஒட்டி வைத்துக்கொண்டேன். என் முடிவு பிழைத்ததில்லை என்று தேநீர்க் கடையில் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் போயிருந்தேன். அந்தக் காலத்தில்தான் நிசாரின் வேன் வந்தது.

நிசார் வத்தேகமக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். வத்தேகமயிலிருந்து மடவளை வழியாகப் பதினான்கு பிள்ளைகளைக் கண்டிப் பாடசாலைகளுக்கு ஏற்றி இறக்கும் வேன் அவருடையது. குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை. தவணை விடுமுறையில் வேனை வீதியோரம் நிறுத்தியிருக்கும்போது பக்கத்து வளவிலிருந்து பின்னால் எடுத்த ஒரு டிப்பர் லொறி இடது பக்கத்தில் மோதிவிட்டது. உள்ளே யாரும் இல்லை. கட்டுகஸ்தோட்டையில் பியசேன பாஸின் கராஜில் வேனைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பியசேன பாஸ் நல்ல வேலைக்காரர், எனக்குப் பல வருடப் பழக்கம்.

நான் முறைப்படி எல்லாம் செய்தேன். முதலில் வலது பக்கம் போய்க் குற்றியை நுழைத்தேன். முன் கதவின் பின் ஓரம் மேலே இறுக்கம், கீழே தளர்வு. ஓடிக் களைத்த வேன்களில் கதவு கொஞ்சம் தொங்கியிருக்கும், அதுதான். இடது முன் கதவும் மேலே இறுக்கம். கீழே பார்க்க முடியவில்லை, நசுங்கியிருந்தது. கொப்பியில் எழுதிக்கொண்டேன். இழுத்துத் திறக்கும் பக்கக் கதவு முடிந்துவிட்டது. அதை மாற்றுவதில் பேச்சே இல்லை, கொழும்பில் கிடைக்கும். பிரச்சினை தூண். முன் கதவுக்கும் பக்கக் கதவுக்கும் நடுவே நிற்கும் தூணின் அடிப்பாகம் உள்ளே தள்ளப்பட்டிருந்தது. விரல் நுனியால் தேடினேன். அரை விரல் நீளத்துக்கு ஒரு மடிப்பு இருந்தது.

அதைத் தொட்டதுமே மாற்று என்று எழுதியிருக்க வேண்டும். மாற்றுவதென்றால் இறக்குமதியாகி வந்து பிரிக்கப்பட்ட வேறொரு வேனின் தூண் துண்டைத் தேடிப் பிடித்து, இதை வெட்டி, அதை வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் போகும். நிசார் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேர், வார திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது," என்றார். "அண்டைக்கு நான் போகாட்டி புள்ளைகள வேற வேனுக்குப் போட்டுருவாங்க. ஒருக்கா போன புள்ள திரும்பி வராது. பத்து வருஷமா சேர்த்த புள்ளைகள் சேர்."

பியசேன பாஸ் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எடுக்கலாம் மாத்தயா, மெதுவா இழுத்தா வரும்" என்று சிங்களத்தில் சொன்னார். நான் மறுபடி தொட்டுப் பார்த்தேன். இப்போது அந்த மடிப்பு கொஞ்சம் சின்னதாகப் பட்டது. மேல் தகட்டில் மட்டும்தான் இருக்கும், உள் தகட்டுக்குப் போயிருக்காது என்று தோன்றியது. தோன்றியது என்பதைவிடத் தோன்ற வைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. நானும் அந்த வீதியில் பஸ்ஸுக்கு நின்று வளர்ந்தவன். நிசாரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

தூணைப் படம் பிடித்துக்கொண்டு படிவத்தில் எழுதினேன்: தூண், தட்டி நிமிர்த்தலாம். சூடு காட்டக் கூடாது. பெயின்டுக்கு முன் இரும்பைப் பார்வையிட வேண்டும், வியாழக்கிழமை. இந்தக் காலத்து வாகனங்களின் தூண் இரும்பு விசேஷமாகப் பதப்படுத்தியது. காஸ் நெருப்பில் சூடாக்கினால் சுலபமாக இழுபடும், ஆனால் அந்தப் பதம் போய்விடும். பார்க்க நேராக இருக்கும் தூண், அடுத்த அடியில் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றாது. ஆகவே அந்த வியாழக்கிழமைப் பார்வை ஒரு சம்பிரதாயம் இல்லை. நான் இரக்கப்பட்டுக் கொடுத்த அனுமதிக்கு அதுதான் ஒரே காவல்.

வியாழக்கிழமை என் பட்டியலில் ஆறு வாகனங்கள் இருந்தன. காலையிலிருந்து நல்ல மழை. பேராதனைப் பக்கத்தில் மூன்றாவது வாகனத்தோடு நிற்கும்போதே மத்தியானம் தாண்டிவிட்டது. கராஜுக்கு போன் எடுத்தேன்.

"எப்படி பாஸ் தூண்?"

"ஹரி மாத்தயா, எல்லாம் சரி, அழகா வந்திருக்கு."

"அப்ப பெயின்டுக்குப் போங்க. சனிக்கிழமை வந்து பார்க்கிறேன்."

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட இல்லை. ஒரு தகட்டை போனில் பார்த்தவன் இந்தத் தொழிலில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை வேன் பளபளத்துக்கொண்டு நின்றது. இடது முன் கதவின் ஓரத்தில் குற்றியை மேலே வைத்தேன், சரியாகப் போனது. நடுவில் சரி. கீழேயும் சரி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கையெழுத்து வைத்தேன். நிசார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பைத் தந்தார். "அல்லாட காவல் சேர், நீங்க இல்லாட்டி என்ட பொழப்பு போயிருக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகல், வீட்டில், மஸ்கட் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு இறுதி அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். முதல் நாள் குறிப்பைப் பார்த்து எழுதுவது வழக்கம். கொப்பியில் என் கையெழுத்திலேயே இருந்தது: இடது முன் கதவு, மேலே இறுக்கம். சனிக்கிழமைக் குறிப்பு: மேலே சரி.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. அடிபட்டது கீழே. மேலே ஒன்றும் ஆகவில்லை. பிறகு மேலே ஏன் மாறியது? கதவைத் தாங்கும் பிணைச்சலைத் தளர்த்திக் கதவையே நகர்த்தியிருந்தால் மட்டும்தான் அப்படி மாறும். தூண் பழைய இடத்துக்கு வரவில்லை. வராத தூணுக்கு ஏற்றபடி கதவைத் திருப்பி இடைவெளியைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். அது தெரியாமல் நான் குற்றியை வைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அப்போது மாலை கூட ஆகவில்லை. வத்தேகம எனக்குத் தெரியாத ஊரா? பஸ் ஏறினால் நிசாரின் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்திருக்கலாம். போகவில்லை. நாளைக்கு ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லலாம், சந்தேகத்தை வைத்து ஒரு மனிதனைக் கலவரப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயமாகவும் வெட்கமாகவும் இருந்தது. திங்கட்கிழமை காலை பதினான்கு பிள்ளைகள் அந்த வேனில் கண்டிக்கு வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் இருந்ததற்கு நான் காரணமில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன்காரர்கள் நிற்கும் இடத்துக்கு எட்டரை மணிக்குப் போனேன். நிசார் சிரித்துக்கொண்டே வந்தார். "மஸ்கட் எப்பிடி சேர்?"

"நிசார், அந்த உள் பிளாஸ்டிக்கை ஒருக்கா கழட்டிப் பார்க்கணும்."

அவர் கேள்வி கேட்காமல் ஸ்க்ரூட்ரைவரைத் தந்தார். தூணின் அடியை மூடியிருந்த பிளாஸ்டிக்கைக் கழற்றினேன். உள் தகடு நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது. நெருப்புக் காட்டிய இரும்பின் நிறம் அது. நடுவே மடிப்பு நின்ற இடத்தில் மயிர் போல ஒரு வெடிப்பு. என் விரல் அதன்மேல் நின்றது. எனக்கு அழுகை வந்ததை இன்று எழுதுவதில் வெட்கமில்லை.

"என்ன சேர் அது?"

"சூடு காட்டி இழுத்திருக்காங்க. இதுல பலமில்ல. யாராவது இந்தப் பக்கம் அடிச்சா தூண் நிக்காது. பிள்ளைகள இதுல ஏத்தக் கூடாது நிசார். இன்னைக்குப் பின்னேரமும் ஏத்தக் கூடாது."

நிசார் குனிந்து அந்த நீல நிறத்தைப் பார்த்தார். "நீங்கதானே சேர் பார்த்து சைன் வெச்சீங்க?"

"நான் பார்க்கல. வியாழக்கிழமை வந்து பார்த்திருக்கணும், போன்ல கேட்டுட்டு விட்டுட்டேன். என் பிழை."

"காலைல பதினாலு புள்ளைகள் இதுல வந்திச்சு," என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெற்றோருக்கு என்ன சொல்வது என்று யோசித்தபோது நான் ஒரு மடத்தனமான யோசனை சொன்னேன். "எஞ்சின் கோளாறுன்னு சொல்லுங்க, இப்போதைக்குச் சமாளிக்கலாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொறகு? ஒங்களுக்கு பாஸ் ஒரு பொய், எனக்கு நீங்க ஒரு பொய், புள்ளைகட உம்மாமாருக்கு நான் ஒரு பொய். போதும் சேர்." அங்கேயே நின்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்தார். "தூண் சரியில்ல, சூடு காட்டி இழுத்துட்டாங்க, எனக்கும் இப்பத்தான் தெரியும், புள்ளைகள வேற வேன்ல அனுப்பி வைக்கிறேன்" என்று அதே வார்த்தைகளைப் பதினான்கு முறை சொன்னார். மற்ற வேன்காரர்களிடம் கேட்டுப் பின்னேரத்துக்கு ஒழுங்கு செய்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

பியசேன பாஸிடம் போய்க் கத்தினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் பெயின்ட் அடிக்காம உங்களுக்காகத்தான் வெச்சிருந்தேன் மாத்தயா. நீங்க வந்திருந்தா தூண் வரலைன்னு காட்டியிருப்பேன், மாத்தச் சொல்லியிருப்பீங்க. நீங்க வரல. அந்த மனுசன் திங்கட்கிழமைக்கு வேணும்னு நிக்கிறான். நான் என்ன செய்ய?" அவர் செய்தது பிழை. ஆனாலும் கத்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பினேன்.

அலுவலகத்தில் அறிக்கையைத் திருப்பி எழுத வேண்டியிருந்தது. தட்டுவது என்ற முடிவை மாற்றுவது என்று ஆக்கினால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வாய்ப்பான சொல் உண்டு: மறைந்திருந்த சேதம். எல்லா மதிப்பீட்டாளரும் எழுதுகிற சொல், யாரையும் காட்டிக்கொடுக்காது. நானும் அதையே எழுதிப் பரமநாதன் சேரின் மேசையில் வைத்தேன். நடந்ததை வாயால் சொன்னேன். எழுத்தில் வைக்கத் தைரியம் வரவில்லை.

அவர் கதிரையில் சாய்ந்து இரண்டு தரம் வாசித்தார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைத் தடவிக்கொண்டு, "மறைஞ்சிருந்த சேதம் எண்டு எழுதினால் உமக்கு ஒரு பிரச்சினையும் இல்லை காணும்," என்றார். "ஆனால் வேலை முடிஞ்சு கையெழுத்தும் வைச்ச பிறகு வெளிப்பட்ட சேதம். இது அந்த விபத்தில வந்ததோ, பழசோ, பிறகு வந்ததோ எண்டு தலைமையகம் கேக்கும். அந்த மனுசன் நிரூபிக்க வேணும். எப்பிடி நிரூபிப்பார்?"

நான் என்னைக் காப்பாற்ற எழுதிய சொல் நிசாரின் காப்புறுதியைக் கேள்விக்குள்ளாக்கப் போகிறது. தூண் மாற்றும் செலவு அவர் தலையில் விழுந்தால் வேனை விற்பதைத் தவிர வழியில்லை.

"அப்ப என்ன சேர் எழுதுறது?"

"நடந்ததை எழுதும்," என்றார். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு வேறு கோப்பைத் திறந்தார்.

எழுதினேன். முதல் நாளே மடிப்பைக் கண்டேன் என்று எழுதினேன். பெயின்டுக்கு முன் பார்வையிட வேண்டும் என்று நானே நிபந்தனை வைத்துவிட்டு நானே போகவில்லை, தொலைபேசியில் அனுமதி கொடுத்தேன் என்று எழுதினேன். சேதம் அதே விபத்தில் வந்தது, அதற்கு என் முதல் நாள் குறிப்பும் படமும் சாட்சி என்று எழுதினேன். சேர் வாசித்து ஒப்பமிட்டார். கம்பனி தூணை மாற்ற அனுமதி தந்தது. எனக்குத் தனியாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம் எட்டு மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. என் ஒவ்வொரு அறிக்கையிலும் சேர் ஒப்பமிட வேண்டியிருந்தது. முன்பு என்னிடம் வேலை பழகியவர்கள் முன்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போவது எனக்கு அவமானமாக இருந்தது. அவர் ஒரு நாளும் அதைப்பற்றிப் பேசவில்லை.

இரக்கப்பட்டது பிழையா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். நிசார்மேல் எனக்கு உண்மையான இரக்கம் இருந்திருந்தால் அந்த மழையில் நனைந்துகொண்டு வியாழக்கிழமை கட்டுகஸ்தோட்டைக்குப் போயிருப்பேன். தட்டுவதா மாற்றுவதா என்பது ஒரு நாளில் எடுத்து முடிக்கிற முடிவு இல்லை. தட்டு என்று எழுதியவன் இரும்பு தெரியும் நாளில் அங்கே நிற்க வேண்டும்.

தூண் துண்டு கொழும்பிலிருந்து வந்து, வேறொரு கராஜில் வேலை முடிய ஆறு வாரம் ஆனது. இந்த முறை நான் நான்கு தடவை போனேன். வெட்டிய நாள், பொருத்திய நாள், வெல்டிங் முடிந்த நாள், பெயின்டுக்கு முன். போகும் ஒவ்வொரு தடவையும் நிசாரும் அங்கே இருந்தார். என்னோடு அதிகம் பேசமாட்டார். நான் தொட்ட இடத்தை அவரும் தொட்டுப் பார்ப்பார். அந்த ஆறு வாரத்தில் ஐந்து பிள்ளைகள் வேறு வேனுக்கு ஒரேயடியாகப் போய்விட்டார்கள். மற்ற ஒன்பது பேரின் வீட்டிலும் அதுவரை முடிவு சொல்லவில்லை.

வேனை ஒப்படைக்கும் நாளில் கராஜ்காரர் உள் பிளாஸ்டிக்கை எடுத்துப் பொருத்தப் போனார். நிசார் தடுத்தார்.

"மூட வாணாம்," என்றார். என் பக்கம் திரும்பி, "சேர், நாளைக்குக் காலைல மடவளைக்கு வாங்க. ஆறு மணிக்கு வேன் வரும்" என்றார். ஏன் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கவில்லை.

முதல் பஸ் பிடித்துப் போனேன். மடவளையில் நான்கைந்து தாய்மார் பிள்ளைகளோடு நின்றார்கள். வேன் வந்து நின்றது. நிசார் இறங்கி, பக்கக் கதவை முழுவதும் இழுத்துத் திறந்தார். தூணின் அடி மூடாமல் இருந்தது. சாம்பல் நிறப் பூச்சுக்குள் வெல்டிங் கோடு தெரிந்தது.

"புள்ளைகள ஏத்த முந்தி எல்லாரும் வந்து பாருங்க," என்றார். "இதுதான் மாத்தின எடம்."

தாய்மார் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள். அவர்களுக்கு வெல்டிங்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்த்தார்கள். ஒரு தாய் விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு வீதியோரம் நின்ற என்னைக் கண்டு, "இவர் யாரு?" என்று கேட்டார்.

நிசார் என்னைப் பார்க்கவில்லை. "இவர்தான் கம்பனி சேர். மொதல்ல பார்க்காம சைன் வெச்சவர். பொறகு அவரே வந்து பிழைன்னு சொல்லிட்டார்," என்றார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தாய் மகளின் புத்தகப் பையை வாங்கி உள்ளே வைத்தார். பிறகு மகளைத் தூக்கித் தூணுக்குப் பக்கத்து ஆசனத்தில் உட்கார வைத்தார்.